பாரிஸில் படிக்கும்போது எங்கே சாப்பிடலாம்?

செப்டம்பரில் பாரிஸுக்கு முதுகலை படிக்கப் போகும் ஒருவர் கேட்டிருக்கிறார்: சாப்பாட்டுக்கு மாதம் 250 யூரோவுக்கு மேல் ஒதுக்க முடியாது, வாரத்தில் பாதி நாள் சைவம், அங்கே படித்தவர்களுக்குப் பிடித்த இடங்கள் எவை?

நான் பாரிஸில் படித்தவன். 250 யூரோவில் அந்த ஊரில் நன்றாகவே சாப்பிடலாம். பாரிஸ் என்றாலே விலை என்ற பயம் நம் ஊரிலிருந்து கிளம்பும் எல்லாரிடமும் இருக்கிறது. அந்தப் பயத்தில் பலர் அறைக்குள் உட்கார்ந்து நூடுல்ஸும் ஊறுகாயும் சாப்பிட்டே முதல் பருவத்தைக் கழித்துவிடுகிறார்கள். அதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். விலைகள் எல்லாம் நான் இருந்த காலத்தவை. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

முதலில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நாளின் பெரிய சாப்பாட்டை மதியத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் 12 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள். மலிவான ஏற்பாடுகள் எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. 'ஃபோர்முல்' என்று பலகையில் எழுதி வைத்திருப்பார்கள்: ஒரு முக்கிய உணவும் கூடவே முன்னுணவோ இனிப்போ சேர்த்து ஒரே விலை. அதே கடையில் அதே தட்டை இரவில் கேட்டால் விலை எட்டாது. மதியம் 2 மணியைத் தாண்டிப் போனாலோ பல இடங்களில் சமையலறையை மூடியிருப்பார்கள். இரவுக்கு அறையில் ஒரு சூப், ஒரு முட்டை, ரொட்டி போதும்.

அந்த மதியச் சாப்பாட்டுக்கு உங்கள் முதல் இடம் மாணவர் உணவகம்தான். க்ரூஸ் என்ற அரசு அமைப்பு நடத்துகிறது. ஊர் வழக்கில் ரெஸ்தோ யூ. 1955இல் சட்டப்படி அமைந்த மாணவர் நல ஏற்பாட்டின் ஒரு பகுதி இது. விடுதி, உதவித்தொகை, உணவு மூன்றையும் அதே அமைப்புதான் பார்த்துக்கொள்கிறது. நான் படித்தபோது ஒரு முழுத் தட்டு 3.30 யூரோ. முக்கிய உணவு ஒன்று, அதோடு முன்னுணவு, பாலாடைக்கட்டி, பழம், தயிர், இனிப்பு ஆகியவற்றிலிருந்து உங்களுக்குப் பிடித்த இரண்டு, ரொட்டி. தண்ணீர் சொம்பில் இருக்கும். மாதம் 22 மதியம் என்று வைத்துக்கொண்டால் 73 யூரோ கூட ஆகாது. மீதி 177 யூரோவில்தான் நான் கீழே சொல்லப்போகும் எல்லாமே.

உதவித்தொகை பெறும் மாணவர்களுக்கு அதே தட்டு 1 யூரோவுக்குக் கிடைத்தது. உதவித்தொகை இல்லாதவர்களும், உண்மையில் பணக்கஷ்டம் என்றால், க்ரூஸின் சமூகப் பணியாளரைப் பார்த்து அந்த விலைக்கு விண்ணப்பிக்க முடிந்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கும் இது பொருந்தியது. நம்மவர்கள் பலருக்கு இது தெரியவில்லை, தெரிந்தாலும் போய்க் கேட்கக் கூச்சப்பட்டார்கள். கூச்சப்படாதீர்கள். அந்த அலுவலர்கள் இருப்பதே அதற்குத்தான்.

பணம் செலுத்த இஸ்லி என்ற கணக்கு வேண்டும். மாணவர் அட்டையோடு சேர்ந்தது. அட்டை கைக்கு வந்த அன்றே அதை இயக்கிவிடுங்கள், இல்லையென்றால் முதல் வாரங்களில் வெளியாட்களுக்கான விலை கொடுக்க நேரிடும்.

ரெஸ்தோ யூக்கள் எல்லாம் ஒரே தரம் இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது போர் ரொயால் நிலையத்துக்கு எதிரே உள்ள புல்யே. பல தட்டுகளிலிருந்து தேர்ந்தெடுக்க முடியும், இடமும் பெரிது. சாப்பிட்டுவிட்டு நடந்தால் சற்று நேரத்தில் லுக்ஸம்பூர்க் தோட்டம். அங்கே பச்சை இரும்பு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்காரலாம், யாரும் கட்டணம் கேட்க மாட்டார்கள். அடுத்தது சென் ஜெர்மேன் பகுதியில் ரூ மாபியோனில் உள்ளது. அந்தத் தெருவைச் சுற்றியுள்ள பேர்போன காப்பிக்கடைகளில் ஒரு கோப்பை காப்பியின் விலை இந்த முழுத் தட்டைவிட அதிகம். நகரத்தின் மிக விலையுயர்ந்த பகுதியின் நடுவில் மாணவர்களுக்கென்று இப்படி ஓர் இடத்தை அரசு காப்பாற்றி வைத்திருக்கிறதே என்று ஒவ்வொரு முறை போகும்போதும் எனக்கு மரியாதை தோன்றும்.

எந்தக் கிளையானாலும் 11.45க்கே போங்கள். 12.15இலிருந்து வரிசை தெருவுக்கு வந்துவிடும். 1.30க்குப் பிறகு போனால் வரிசை இருக்காது, ஆனால் நல்ல தட்டு தீர்ந்துபோய் பாஸ்தா மட்டும் மிஞ்சியிருக்கும்.

சைவ நாட்களுக்கு: பல வகை உணவு தரும் அரசு உணவுக்கூடங்களில் தினமும் ஒரு சைவத் தட்டு இருக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு காலநிலைச் சட்டத்தில் விதி வந்திருக்கிறது. அதனால் ரெஸ்தோ யூவில் பிரச்சினை இல்லை. வெளியே சாப்பிடும்போதுதான் கவனம் வேண்டும். 'லார்தோன்' என்று சின்னச் சின்னப் பன்றித் துண்டுகளை எதில் வேண்டுமானாலும் போட்டுவிடுவார்கள்: பருப்பில், கீரையில், முட்டைக்கோஸில், சாலட்டில். கீஷ் லொரேன் என்று கண்ணாடிப் பெட்டியில் மஞ்சளாகச் சிரிக்கும் பண்டத்திலும் அதுதான். "சான் வியாந்த், சான் புவாசோன்" என்று சொல்லிப் பழகுங்கள். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். சைவம் என்று மட்டும் சொன்னால் சில முதிய கடைக்காரர்கள் மீன் பரவாயில்லைதானே என்பார்கள். கறாரான சைவம் என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பிரெஞ்சுப் பாலாடைக்கட்டிகளில் பலவற்றுக்குப் பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அடுத்தது ரொட்டி. இதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், ஏனென்றால் பாரிஸில் ஒரு மாணவரும் ஒரு அமைச்சரும் ஒரே தரத்தில் வாங்கக்கூடிய பொருள் இது ஒன்றுதான். பகெத் என்னும் நீள ரொட்டியை சூப்பர் மார்க்கெட்டில் வாங்க வேண்டாம். தெருமுனை பேக்கரியில் 'த்ரதிசியோன்' கேளுங்கள். சாதாரண பகெத்தைவிடச் சில காசுகள்தான் கூடுதல். 1993இல் வந்த அரசாணைப்படி அந்தப் பெயரில் விற்கும் ரொட்டியின் மாவை எந்தக் கட்டத்திலும் உறையவைக்கக் கூடாது, செயற்கைச் சேர்மானப் பொருட்கள் எதுவும் போடக் கூடாது. அடிப்படையில் மாவு, தண்ணீர், உப்பு, நொதிதான். "பியான் குயித்" என்று கேட்டால் நன்றாகச் சிவந்ததாக எடுத்துக் கொடுப்பார்கள். பகெத் செய்யும் கைத்திறனையும் பண்பாட்டையும் யுனெஸ்கோ 2022இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நகராட்சி ஆண்டுதோறும் சிறந்த பகெத்துக்கான போட்டி நடத்துகிறது. வெல்பவர் ஓராண்டு முழுக்க ஜனாதிபதி மாளிகையான எலிசேக்கு ரொட்டி அனுப்புவார். 2023இல் அதை வென்றவர் தர்ஷன் செல்வராஜா, இலங்கையிலிருந்து வந்த தமிழர். 20ஆம் வட்டாரத்தில் ரூ தே பிரெனேயில் உள்ள 'ஓ லெவான் தே பிரெனே' அவருடைய கடை. 2024 ஒலிம்பிக் சுடரையும் ஏந்தி ஓடினார். நீங்கள் பாரிஸில் இறங்கிய முதல் வாரத்திலேயே அந்தக் கடைக்குப் போய் ஒரு த்ரதிசியோன் வாங்கி, நுனியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டே நடந்து பாருங்கள். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், அநாகரிகம் இல்லை.

பேக்கரிகளில் மதியத்துக்கு சாண்ட்விச், ஒரு பானம், ஒரு இனிப்பு சேர்த்து மாணவர் விலை போட்டிருப்பார்கள். வகுப்புகளுக்கு நடுவில் அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அது போதும். சைவத்துக்கு ஆட்டுப்பால் கட்டியும் தேனும் வைத்தது, அல்லது மொசரெல்லாவும் தக்காளியும் வைத்தது கிடைக்கும்.

சரி, இனி பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பல்.

கார் து நோர் ரயில் நிலையத்தின் பக்கவாட்டில் இறங்கி, ரூ து ஃபோபூர் சென் தெனி வழியாக லா ஷப்பல் மெட்ரோ நிலையம் வரை நடந்தால், அதன் கிளைத் தெருக்களான ரூ பெர்தொனே, ரூ கய் இவற்றையும் சேர்த்து, தமிழ்ப் பெயர்ப்பலகைகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். 1983க்குப் பிறகு போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர்கள் கட்டியெழுப்பிய கடைத்தெரு இது. அவர்களுக்கு முன்பே பிரெஞ்சுக் குடியுரிமையோடு புதுச்சேரி, காரைக்காலிலிருந்து வந்த தமிழர்களும் நகரத்தில் இருந்தார்கள். ஆனால் லாச்சப்பலுக்கு உருவம் கொடுத்தவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள்தான்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் அங்கே போனதும் இட்லியையும் மசால் தோசையையும் தேடுகிறார்கள். கிடைக்கும், சரவண பவன் கிளையே இருக்கிறது. சைவ நாளுக்கு ரூ கய்யில் உள்ள கிருஷ்ண பவனும் நல்லது. ஆனால் வீட்டு நினைவுக்காக மட்டும் அந்தத் தெருவுக்குப் போகாதீர்கள் என்பேன். நாம் ஊரில் சாப்பிட்டிராத தமிழ்ச் சாப்பாடு அங்கே இருக்கிறது. சிவப்பரிசி மா இடியாப்பத்தை மஞ்சள் நிறச் சொதியிலும் தேங்காய்ச் சம்பலிலும் குழைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். குழல் புட்டு, கத்தரிக்காய்க் கறி, பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ் என்று எப்போதாவது எழுதிப் போட்டிருந்தால் தவறவிடாதீர்கள். கண்ணாடிப் பெட்டிகளில் மட்டன் ரோல்ஸ், மீன் பட்டிஸ், வடை, வாய்ப்பன் அடுக்கி வைத்திருப்பார்கள். இரண்டு ரோல்ஸும் ஒரு பால் தேநீரும் ஒரு குளிர்கால மாலைக்குப் போதும், செலவு சில யூரோதான். கொத்து ரொட்டி ஒரு தட்டு பத்து யூரோவை ஒட்டி வரும், இரண்டு பேருக்குக் காணும். சைவம் வேண்டுமென்றால் மரக்கறிக் கொத்து என்று கேளுங்கள். உறைப்பு குறைவாகப் போடச் சொன்னாலும் நம் நாக்குக்கு அது சரியாகத்தான் இருக்கும்.

"எவ்விடம் தம்பி? படிக்க வந்தனீங்களோ?" என்று கல்லாவில் இருப்பவர் கேட்பார். பதில் சொல்லுங்கள், நின்று பேசுங்கள். அறை எங்கே கிடைக்கும், எந்தக் கடையில் அரிசி மலிவு, விசா புதுப்பிக்க எந்த நாளில் போனால் கூட்டம் குறைவு என்று எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தக் கடைகளில் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். இன்னொன்றும் நினைவில் வையுங்கள். பாரிஸின் எத்தனையோ பிரெஞ்சு உணவகங்களில் உள்ளே அடுப்பில் நிற்பவர்களும் பாத்திரம் கழுவுகிறவர்களும் இந்தத் தமிழர்கள்தான். காகிதங்கள் இல்லாமல் வந்து, பின்னிரவு வரை சமையலறைகளில் உழைத்து, பிறகு இந்தக் கடைகளைத் திறந்தவர்கள் பலர். அவர்கள் வைத்திருக்கும் விலையைப் பேரம் பேசிக் குறைக்க நினைக்காதீர்கள்.

ஆகஸ்ட் கடைசியில் போய் இறங்கினால் தேர்த்திருவிழா பார்க்க வாய்ப்புண்டு. ரூ பஜோலில் ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது, 1985இல் தொடங்கியது. கோடை முடியும் வேளையில் பிள்ளையார் தேரில் அந்தத் தெருக்களில் உலா வருவார். சாலையில் மலைபோலத் தேங்காய் குவித்து உடைப்பார்கள். கடைக்காரர்கள் வாசலில் நின்று மோர், சர்பத், சாப்பாடு என்று வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுப்பார்கள். தமிழர், பிரெஞ்சுக்காரர், ஆப்பிரிக்கர் என்று ஊரே திரண்டிருக்கும்.

மளிகையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். முருங்கைக்காய், வல்லாரை, யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள், உளுந்து, நல்லெண்ணெய் எல்லாம் இருக்கும். 26 வயதுக்குள் இருந்தால் 'இமாஜின் எர்' என்ற மாணவர் போக்குவரத்து அட்டை எடுத்திருப்பீர்கள். ஆண்டுக்கு ஒரே கட்டணம், அதன்பிறகு நகரத்தின் எந்த மூலைக்குப் போனாலும் தனிச் செலவில்லை. சாப்பாட்டுக்காக மெட்ரோவில் அரை மணி நேரம் போவது வீண் என்று நினைக்க வேண்டாம். பாடப் பக்கங்களை நான் படித்து முடித்தது பெரும்பாலும் அந்த அரை மணி நேரங்களில்தான்.

லாச்சப்பலைப் புரிந்துகொண்டால் பாரிஸின் மற்ற நல்ல சாப்பாட்டுத் தெருக்களும் புரிந்துவிடும். எங்கிருந்தோ ஒரு கூட்டம் ரயிலில் வந்து இறங்குகிறது, அல்லது போரிலிருந்து தப்பி வருகிறது. வாடகை குறைந்த ஒரு மூலையில் தங்கி, தங்கள் ஆட்களுக்காகவே சமைக்கத் தொடங்குகிறது. அந்தச் சாப்பாடு மலிவாகவும் நேர்மையாகவும் இருக்கும், ஏனென்றால் சாப்பிட வருகிறவருக்கு அதன் ருசி தெரியும், ஏமாற்ற முடியாது.

மோன்பர்நாஸ் அப்படித்தான். பிரான்சின் மேற்கே உள்ள பிரெத்தாஞ் பகுதியின் கடைக்கோடியான பிரெஸ்த் நகரம் வரை 1865இல் ரயில் பாதை முடிந்தது. வேலை தேடி அந்தப் பகுதியின் பிரெத்தோன் மக்கள் மோன்பர்நாஸ் நிலையத்தில் வந்து இறங்கினார்கள், நிலையத்தைச் சுற்றியே தங்கினார்கள். அதனால்தான் இன்றும் ரூ து மோன்பர்நாஸ் என்ற ஒரே தெருவில் வரிசையாகக் கலெத் கடைகள். கலெத் என்பது பாப்பரை என்னும் கோதுமையில்லாத் தானியத்தின் மாவில், உப்பும் தண்ணீரும் மட்டும் சேர்த்து, பெரிய வட்ட இரும்புக் கல்லில் மெல்லிதாக இழுத்துச் சுடுவது. ஓரம் முறுகி, ஓட்டை ஓட்டையாக, நம் ரவா தோசையைப் பார்த்த மாதிரியே இருக்கும். அதன் மேல் முட்டையும் பாலாடைக்கட்டியும் போட்டு நான்கு பக்கமும் மடித்துக் கொடுப்பார்கள். காளான், கீரை வைத்தும் உண்டு. 'கோம்ப்ளெத்' என்றால் பன்றித்தொடை சேர்ந்துவிடும், சைவ நாளில் அதைக் கேட்காதீர்கள். இனிப்புக்கு மைதாவில் செய்த க்ரேப். உப்பு போட்ட வெண்ணெயில் காய்ச்சிய காரமெல் ஊற்றியதைத்தான் வாங்க வேண்டும், சாக்லெட் தடவியது வேண்டாம். பத்துப் பன்னிரண்டு யூரோ ஆகும். மாதம் ஒருமுறை போகலாம். ஜொஸ்லேன் என்ற கடைக்குப் பெயர் அதிகம், வாசலில் காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருப்பதில் தப்பில்லை.

13ஆம் வட்டாரத்துக்கு வாருங்கள். 1975க்குப் பிறகு வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து வந்த அகதிகள், பலர் சீன வம்சாவளியினர், அவென்யூ ஷுவாசிக்கும் அவென்யூ திவ்ரிக்கும் நடுவிலிருந்த புத்தம்புது அடுக்குமாடிக் கோபுரங்களில் குடியேறினார்கள். குளிர்காலத்தில், மாலை 5 மணிக்கே இருட்டிவிடும் டிசம்பரில், ஒரு பெரிய கிண்ணம் ஃபோ என்ற வியட்நாம் நூடுல்ஸ் சூப் குடிப்பதுபோல் உடம்பைத் தேற்றுவது எதுவும் இல்லை. பச்சை மூலிகைகளும் பயறு முளையும் தனித் தட்டில் தருவார்கள். எலுமிச்சை பிழிந்து, மிளகாய் கிள்ளிப் போட்டு, கிண்ணத்தின் அடிவரை குடிக்க வேண்டும். மாட்டெலும்பு வேகவைத்த சாறு அது, சாப்பிடாதவர்கள் போ புன் என்ற சூப்பில்லாத நூடுல்ஸில் சைவ ஸ்ப்ரிங் ரோல் போட்ட வகையைக் கேட்கலாம். மீன் சாறு வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். அவென்யூ திவ்ரியில் தாங் ஃப்ரேர் என்ற பெரிய அங்காடி இருக்கிறது. வெண்டைக்காய், புளி, தேங்காய்ப்பால், பச்சைப் பப்பாளி, பெரிய அரிசி மூட்டை எல்லாம் அங்கே மலிவு. விடுதியில் நான்கு பேர் சேர்ந்து மூட்டை வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

மரே பகுதியின் ரூ தே ரோசியே பழைய யூதத் தெரு. லாஸ் து ஃபலாஃபெல் கடையின் பச்சை முகப்பும் வரிசையும் தூரத்திலிருந்தே தெரியும். பிட்டா ரொட்டிக்குள் கொண்டைக்கடலை உருண்டை, எண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய், முட்டைக்கோஸ், எள் சாறு. முழுச் சைவம், ஒரு வேளைக்கு வயிறு திம்மென்று இருக்கும். வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் மூடியிருக்கும், அன்று போய் நிற்காதீர்கள். ஜப்பானியச் சாப்பாட்டுக்கு ரூ சேன்த் ஆன் என்ற தெருவைச் சொல்வார்கள், நல்ல உடோன் நூடுல்ஸ் கிடைக்கும், ஆனால் மாணவர் பைக்கு அடிக்கடி ஒத்துவராது.

தேநீருக்குப் பெரிய மசூதி. 5ஆம் வட்டாரத்தில், தாவரவியல் பூங்காவுக்கு எதிரே. முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட முஸ்லிம் படைவீரர்களின் நினைவாகக் கட்டி 1926இல் திறந்தார்கள். அதன் மூலையில் ஒரு தேநீர் முற்றம் இருக்கிறது. நீலப் பளிங்கு ஓடுகள், அத்தி மரம், மேசை மேல் வந்து இனிப்புத் துகள் கொத்தும் சிட்டுக்குருவிகள். சின்னக் கண்ணாடிக் குவளையில் புதினாத் தேநீர், பாதாம் விழுது வைத்த பிறைவடிவ இனிப்பு ஒன்று. சில யூரோவில் ஒரு மணி நேரம் உட்காரலாம், யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். ஜூஸியூ வளாகத்தில் படிப்பவர்களுக்கு அது நடக்கும் தூரம்தான். தேர்வுக் காலத்தில் எனக்கு அடைக்கலம் அந்த முற்றம். மாலையில் கூட்டம் ஏறிவிடும், காலை 10, 11 மணிக்குப் போவது நல்லது.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தாலோ, ஆய்வேட்டைச் சமர்ப்பித்த நாளிலோ, வெள்ளைத் துணி விரித்த உணவகத்துக்குப் போய்ப் பணத்தைக் கரைக்க வேண்டாம். ஷார்த்தியே என்ற பூய்யோன் உணவகத்துக்குப் போங்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் துவால் என்ற இறைச்சிக் கடைக்காரர், லே ஆல் சந்தையில் வேலை செய்பவர்களுக்காக மாட்டிறைச்சிச் சாறு விற்கத் தொடங்கிய வழியில் வந்தவை இந்த உணவகங்கள். உழைக்கிறவர்களுக்குச் சூடாக, விரைவாக, குறைந்த விலையில் போடுவதுதான் அவற்றின் கொள்கை. ஷார்த்தியே 1896இல் தொடங்கியது. உயரமான கண்ணாடிக் கூரை, பித்தளைத் தண்டுகள், சுவரில் அந்தக் காலத்து வாடிக்கையாளர்கள் தங்கள் கைத்துண்டை வைத்த சின்ன மர இழுப்பறைகள். முன்பதிவு கிடையாது. அறிமுகமில்லாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள். நீங்கள் கேட்டதைப் பரிமாறுபவர் மேசைக் காகிதத்திலேயே எழுதி, கடைசியில் அங்கேயே கூட்டிக் காட்டுவார். மயோனெஸ் போட்ட அவித்த முட்டை இரண்டு மூன்று யூரோ, துருவிய கேரட் சாலட் அதைவிடக் குறைவு, முக்கிய உணவுகள் பத்து யூரோவைச் சுற்றி. விடுமுறைக் காலங்களில் சுற்றுலாப் பயணிகள் நிறைந்திருப்பார்கள்தான், இருந்தாலும் பாரிஸ்காரர்களும் வருகிறார்கள். அந்தக் கூட்டம் பிடிக்கவில்லை என்றால் பூய்யோன் பிகாலுக்குப் போகலாம். 2017இல் வந்தது, அதே பாணி. சைவத்துக்கு இந்த இடங்களில் தேர்வு குறைவு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

எந்த உணவகத்திலும் "ஊன் கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீரை ஒரு குடுவையில் இலவசமாகத் தர வேண்டும், சட்டமே அப்படி. வெறுமனே தண்ணீர் என்றால் போத்தல் வந்துவிடும், விலையோடு. பரிமாறும் கூலி விலையிலேயே அடங்கிவிட்டது, தனியாகப் பணம் வைப்பது உங்கள் விருப்பம். காப்பியை நின்றுகொண்டு மேடையில் குடித்தால் ஒரு விலை, வெளியே மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. இரண்டையும் பலகையில் எழுதியிருப்பார்கள். நோத்ர் தாம் கோயிலுக்கு எதிர்க்கரையில் உள்ள ரூ த லா ஊஷெத் பக்கம் சாப்பிடப் போகாதீர்கள். தட்டுகளின் படத்தை வாசலில் ஒட்டிக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடும் தெரு அது.

காய்கறிக்கு பெல்வில் சந்தை, செவ்வாயும் வெள்ளியும் காலையில். 1 மணிக்கு மேல் போனால் கடை கட்டும் அவசரத்தில் ஒரு கூடை தக்காளி ஒரு யூரோ, ஒரு கூடை கத்தரிக்காய் ஒரு யூரோ என்று கத்திக் கொடுப்பார்கள். அன்றே சமைத்துவிட வேண்டிய பதத்தில் இருக்கும். அலிக்ர் சந்தை திங்கள் தவிர எல்லா நாளும் உண்டு, விலை சற்றுக் கூட, பொருள் சற்றுத் தரம்.

ஆகஸ்ட் மாதத்தில் நகரமே விடுமுறையில் போய்விடும். பேக்கரிகள் முறைவைத்து மூடும், ரெஸ்தோ யூக்களில் பெரும்பாலானவை இருக்காது. ஆகஸ்டில் இறங்குகிறவர்கள் முதல் வாரங்களுக்குக் கூடுதலாக 50, 60 யூரோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் இதே நிலைதான்.

கடைசியாக, பணம் உண்மையிலேயே தீர்ந்துபோகும் மாதங்கள் வரும். வங்கிக் கணக்குத் திறக்கத் தாமதமாகும், அறைக்கு முன்பணம் கட்ட வேண்டியிருக்கும், உதவித்தொகை வந்து சேராது. அப்போது சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். கொப்பேன் என்ற அமைப்பை 2020இல், கொரோனா காலத்தில் வரிசையில் நின்ற மாணவர்களைப் பார்த்து, மாணவர்களே தொடங்கினார்கள். காய்கறி, அரிசி, பால், சோப்பு எல்லாம் பை நிறையத் தருகிறார்கள். லிங்கி என்ற அமைப்பு கடைகளில் விற்காமல் மிஞ்சிய நல்ல பொருட்களை மாணவர்களுக்குப் பகிர்கிறது. மாணவர் அட்டை இருந்தால் போதும், எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. சில சமயம் அங்கேயே ஒருநாள் பொதி கட்டிக் கொடுக்கும் தொண்டும் செய்யலாம். பிரெஞ்சு பேசிப் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இணையத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும், இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். அதனால் தேவை வரும்வரை காத்திருக்காமல் வந்த முதல் மாதத்திலேயே கணக்குத் தொடங்கி வையுங்கள்.